குழந்தைக்கு அடிபட்டால் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. கட்டணம் செலுத்தி விளையாடும் உள்ளரங்கு ஒன்றில் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தபோது, மேல்படி கழன்று அவள் கீழே விழுந்தாள். இடது முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. ஏணிக்கு அடியில் இருக்க வேண்டிய மெத்தை சுவரோரமாகத் தள்ளிக் கிடந்ததை நானே பார்த்தேன். அறுவை சிகிச்சை செய்து கம்பி பொருத்தியிருக்கிறார்கள். அரங்கின் நிர்வாகி மருத்துவமனைக்கே வந்து முழுச் செலவையும் தருவதாகச் சொன்னார். ஆனால் 'இதற்கு மேல் எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம். பிள்ளை விழுந்ததைக் காட்டிப் பணம் வாங்குவது பாவம் என்கிறார் மாமியார். கோர்ட், கேஸ் என்று அலைய முடியாது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்கிறார் கணவர். நான் என்ன செய்வது?

பதில்: அந்தத் தாளில் இப்போது கையெழுத்திடாதீர்கள், சகோதரி. நிர்வாகி நல்ல எண்ணத்தோடு வந்திருக்கலாம். அவர்மீது ஐயம் கொள்ளச் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு நேர்ந்த பாதிப்பு எவ்வளவு என்பது இன்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்கும் முழுமையாகத் தெரிய வாய்ப்பில்லை. அளவே தெரியாத ஒன்றுக்குக் கணக்கை முடித்து எழுதித் தருவதுதான் இங்குள்ள ஆபத்து.

வளரும் எலும்பின் முனையருகே 'வளர்ச்சித் தட்டு' என்றொரு குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். சுற்றியுள்ள எலும்பைவிட அது மென்மையானது என்பதால் குழந்தைகளின் முறிவுகளில் அதுவும் அடிபடுவது உண்டு. அப்படி அடிபட்டால், கட்டுப் பிரித்த நாளில் கை நேராகவே தோன்றினாலும், ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் வளராமல் போய், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கை கோணலாகத் தெரியவரலாம். எல்லா முறிவிலும் இவ்வாறு நேர்வதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு எலும்பு நன்றாகவே கூடிவிடுகிறது. ஆயினும் உங்கள் மகளுக்கு இன்னும் பல ஆண்டு வளர்ச்சி மீதமிருப்பதால், முறிவு வளர்ச்சித் தட்டைத் தொட்டிருக்கிறதா, எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும், இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்பவற்றை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முன்பல்லை இழந்த குழந்தைக்குத் தாடை வளர்ச்சி முடியும் வரை எலும்பில் பதிக்கும் நிலையான செயற்கைப் பல்லைப் பொதுவாகப் பொருத்துவதில்லை. தீக்காயத்தில் ஒட்டிய தோல் குழந்தையோடு சேர்ந்து அதே அளவு வளராததால் மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். குழந்தையின் காயத்தை விபத்து நடந்த வாரத்து மருத்துவமனை பில்லைக் கொண்டு அளக்க முடியாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து, உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு வருகிறேன். மாமியாரும் கணவரும் நீங்களும் பேசுவதையெல்லாம் பார்த்தால், இழப்பீடு கேட்பதும் விடுவதும் உங்கள் மூவரின் விருப்பம் என்று எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. சட்டத்தின் பார்வையில் அந்த உரிமை உங்கள் மகளுடையது. பெற்றோர் செலவழித்த பணத்தைக் கேட்பது பெற்றோரின் உரிமை. வலிக்காகவும், நிரந்தரக் குறைபாட்டுக்காகவும், வருங்காலச் சிகிச்சைக்காகவும் கேட்பது குழந்தையின் உரிமை. அவள் மைனர் என்பதால் அவள் சார்பில் நீங்கள் பேசுகிறீர்கள், அவ்வளவே. அவள் பெயரில் உள்ள நிலத்தை, அலைச்சல் வேண்டாம் என்பதற்காக வந்த விலைக்கு விட்டுக்கொடுப்பீர்களா? இதையும் அந்தக் கண்கொண்டே பாருங்கள்.

மாமியாரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். பிள்ளையின் வலிக்கு விலை பேசுவதாக அவருக்குத் தோன்றுகிறது. இழப்பீடு என்பது வலிக்கு விலை அன்று. ஒருவருடைய கவனக்குறைவால் உண்டான செலவையும் குறையையும், அவற்றை உண்டாக்கியவர் தாங்கட்டும், குழந்தை தாங்க வேண்டாம் என்பதற்கான ஏற்பாடு. 15 வயதில் அவளுக்கு இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அந்தப் பணத்துக்கு யாரிடம் போவது என்று அவரிடம் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்.

அதே நேரத்தில், குழந்தை விழுந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஓடும்போது கால் தடுக்கி விழுந்த பிள்ளைக்காகப் பள்ளியையோ பூங்காவையோ குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பாதுகாக்க வேண்டிய கடமை யாருக்காவது இருந்ததா, சாதாரண கவனம் செலுத்தியிருந்தால் அவர் இதைத் தவிர்த்திருக்க முடியுமா என்பதே கேள்வி. ஒரு சிராய்ப்போடு முடிந்து, வாரத்தில் ஆறிவிட்ட காயம் என்றால், தவறு இருந்தாலும்கூட, ஒரு கடிதம் எழுதி அந்தக் குறையைச் சரிசெய்ய வைப்பதோடு விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். உங்கள் விஷயம் அப்படிப்பட்டதன்று. கட்டணம் வாங்கிய இடம், கழன்ற படி, விலகிக் கிடந்த மெத்தை, அறுவை சிகிச்சை வரை போன முறிவு ஆகிய எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முடிவை மெதுவாக எடுக்கலாம். ஆதாரத்தைத் திரட்டுவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கண்காணிப்பு கேமராவின் பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களுக்குள் தாமாகவே அழிந்துபோகும். ஆகவே அந்த நாளின் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி இன்றே எழுத்தில் கேட்டு, கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். படி கழன்ற இடத்தைப் படம் எடுத்தவர் யாராவது இருந்தால் அந்தப் படம், உடனிருந்த பெற்றோரின் பெயரும் கைபேசி எண்ணும், நுழைவுச் சீட்டு, அசல் பில்கள், எக்ஸ்ரே படங்கள் எல்லாம் ஓர் உறையில் இருக்கட்டும். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மருத்துவமனையின் முதல் பதிவிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் காயம் எப்படி நேர்ந்தது என்று ஒரு வரி இருக்கும். அதில் 'விளையாடும்போது விழுந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால், படி கழன்றதைப் பிற்பாடு நிறுவுவது கடினம். நடந்ததை மருத்துவரிடம் விளக்கி, அதைக் குறிப்பில் சேர்க்கும்படி கேளுங்கள். குழந்தை தானாகச் சொன்னதை அவளுடைய சொற்களிலேயே ஒரு முறை தேதியிட்டு எழுதி வையுங்கள். வருகிறவர்கள் முன்னால் எல்லாம் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின்படி, மைனருக்கு உரிமையியல் வழக்கின் காலம் 18 வயது நிறைந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. அதன்பின் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும்கூடப் பொதுவாக 21ஆம் பிறந்தநாள் வரை வழக்குத் தொடரலாம். ஆனால் இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தை நாடுவதாயின், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு ஆண்டுகளே தருகிறது. நீண்ட காலம் இருக்கிறதென்று காத்திருந்தால் சாட்சிகள் ஊர் மாறிவிடுவார்கள், அரங்கும் மூடப்பட்டுவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிர்வாகி தரும் சிகிச்சைச் செலவை மறுக்க வேண்டியதில்லை. 'சிகிச்சைச் செலவுக்காக இத்தொகை பெறப்பட்டது. குழந்தையின் பிற உரிமைகளை இது பாதிக்காது' என்று ரசீது எழுதிக் கொடுங்கள். அதற்கு அவர் உடன்படாவிட்டால், அவர் தர வந்தது உதவித்தொகை அன்று, உங்கள் மகளின் உரிமைக்கான விலை என்பது தெளிவாகிவிடும். அரங்குக்குப் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீடு, அதாவது அங்கே வருகிறவர்களுக்கு அடிபட்டால் இழப்பீட்டைத் தாங்கும் காப்பீடு, இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள். இருந்தால், பேச வேண்டியது காப்பீட்டு நிறுவனத்தோடு. உங்கள் கணவர் அஞ்சும் மனக்கசப்பும் அலைச்சலும் பெருமளவு குறையும். பல கோரிக்கைகள் நீதிமன்ற வாசலை மிதிக்காமலே பேச்சில் முடிகின்றன.

கேள்வி: எங்கள் ஒன்பது வயது மகன் பந்தை எடுக்கத் தெருவின் குறுக்கே ஓடியபோது, இரு சக்கர வாகனம் மோதிக் கால் முறிந்தது. வண்டி வேகமாக வந்தது உண்மை. ஆனாலும் பையன் பார்க்காமல் ஓடினான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓட்டியவர் எங்கள் தெருக்காரர், பழகியவர். தவறு எங்கள் பக்கம் இருக்கும்போது கேட்பது முறையா?

பதில்: பெரியவர் ஒருவர் பார்க்காமல் ஓடுவதும் ஒன்பது வயதுப் பையன் பார்க்காமல் ஓடுவதும் சட்டத்துக்கு ஒன்றல்ல. 1966இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த வழக்கொன்றில், நின்ற லாரியின் ஓட்டுநர் கைகாட்டியதை நம்பிச் சாலையைக் கடந்த 13 வயதுச் சிறுமிமீது, லாரியை முந்திவந்த கார் மோதியது. மூன்றில் ஒரு பங்கு தவறு சிறுமியுடையது என்றார் கீழ் நீதிபதி. மேல்முறையீட்டில் அது செல்லவில்லை; அந்த வயதுக் குழந்தையிடம் எவ்வளவு எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியுமோ அவ்வளவைத்தான் எதிர்பார்க்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. குழந்தைகள் வசிக்கும் தெருவில் பந்து ஒன்று உருண்டு வந்தால், பின்னாலேயே ஒரு பிள்ளையும் வரும் என்று எதிர்பார்த்து ஓட்ட வேண்டியவர் வண்டிக்காரர்தான். மகன்மீதும் ஒரு பங்கு தவறு உண்டு என்று முடிவானாலும், பெரும்பாலும் தொகை குறையுமே ஒழிய உரிமை அற்றுப்போகாது.

பழகியவர் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. இந்தியாவில் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பாலிசி நடப்பில் இருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கும் தொகையைப் பொதுவாகக் காப்பீட்டு நிறுவனமே செலுத்துகிறது. மனு போடுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய் இதை நேரில் சொல்லிவிடுங்கள்; நோட்டீஸைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். சட்டம் இம்மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பை விதித்து, 2022 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த விதி நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது என்றாலும், அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

சிறு தொகைக்காக இத்தனை சிரமமா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 12 வயதில் விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு முழுவதும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்த ஒரு சிறுமிக்குத் தீர்ப்பாயம் அளித்தது சுமார் 11 லட்சம் ரூபாய். வாழ்நாள் முழுதும் உடனிருந்து கவனிப்போருக்கு ஆகும் செலவையும், அவள் ஈட்டியிருக்கக்கூடிய வருவாயையும் கணக்கிட்டு, 2020இல் உச்ச நீதிமன்றம் அதை 62 லட்சத்துக்கும் மேலாக உயர்த்தியது. வருங்காலத்தைக் கணக்கில் எடுப்பதற்கும் எடுக்காததற்கும் உள்ள தூரம் அது.

கேள்வி: மருத்துவமனையில் ஒருவர் வந்து, பணம் வாங்கித் தருகிறேன், வருவதில் பாதி தந்தால் போதும் என்றார். ஒப்புக்கொள்ளலாமா? குழந்தைக்கென்று வரும் தொகையை நாங்கள் செலவழிக்க முடியுமா?

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது இந்தியாவில் வழக்கறிஞர் தொழில் நெறிக்கே மாறானது. இடைத்தரகர் பேசுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெற்றோரின் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் குழந்தைகளுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

வழக்கு நடக்கும்போது மைனர் சார்பில் சமரசம் செய்துகொள்ள நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தொகையைப் பெறவும் அனுமதி வேண்டும். குழந்தையின் பங்கைப் பெரும்பாலும் 18 வயது வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவைக்கச் சொல்வார்கள். இடையில் சிகிச்சைக்கோ படிப்புக்கோ தேவைப்பட்டால், காரணத்தையும் மதிப்பீட்டுச் சீட்டையும் இணைத்து மனுச் செய்து அதற்கான அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் ஏற்கெனவே செலவழித்த மருத்துவத் தொகையைத் தனித் தலைப்பில் கேட்டிருந்தால் அது உங்கள் கைக்கு வரும்; அதனால் பில்களைத் தொடக்கத்திலிருந்தே உங்கள் பெயரிலும் குழந்தையின் பெயரிலும் தெளிவாக வாங்கி வையுங்கள்.