தராசின் முன் நிற்கும் நாயகி

உங்கள் பதினைந்து வயது நாயகி, பண்டைய எகிப்தில் இறந்தவரின் இதயத்தை எடைபோடும் தெய்வமான அனுபிஸின் தராசு முன் வந்ததும் கதை நின்றுவிட்டது, வாள் சண்டை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே. முதலைத் தலையும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட, பாவம் செய்தவரின் இதயத்தை விழுங்கும் அம்மித் வாய் பிளந்து காத்திருக்கட்டும், அது போதும். எகிப்தியருக்கு இன்னொரு பயமும் இருந்தது: தன் இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுமோ! அதனால்தான் மம்மியின் மார்பில் பச்சைக் கல் வண்டு ஒன்றை வைத்தார்கள். இதயமே, என்னை எதிர்த்து எழாதே என்று கெஞ்சும் மந்திரம் அதன் அடியில் பொறித்திருக்கும். அந்த வண்டு திருட்டுப் போகட்டும். தராசின் ஒரு தட்டில் அவள் இதயம், எதிர்த்தட்டில் உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகு. தீர்ப்பை எழுதும் தெய்வமான தோத் எழுதுகோலோடு நிற்கிறார். அவள் தம்பியிடம் சொன்ன பொய்யை இதயம் மெல்லச் சொல்லத் தொடங்குகிறது. இறந்தவரை விசாரிக்கும் நீதிபதிகள் 42 பேரையும் காட்ட வேண்டியதில்லை, இருவர் போதும்.