குதிரைக்கும் நமக்கும் சமநிலை: கேள்வி பதில்

குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ஒரு மூத்த உறுப்பினரிடம் மற்றவர்கள் கேட்டவையும் அவருடைய பதில்களும்.

கோவையிலிருந்து: வணக்கம் மேடம். என் குதிரை ட்ராட்டில் (சீரான மெல்லோட்டத்தில்) தலையைக் கீழே போட்டுக் கடிவாளத்தில் சாய்ந்துகொள்கிறது. இழுத்துத் தூக்கினால் இன்னும் அழுத்துகிறது. கை மரத்துப்போகிறது.

பதில்: முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். சும்மா நிற்கும் குதிரையே தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. 450 கிலோ குதிரை என்றால் 270 கிலோ முன்னால். நாம் உட்காருவதும் பிடரிமயிர் முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் என்பதால் நம் எடையிலும் பெரும்பங்கு அங்கேயே போகிறது. இன்னொன்று, குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே நெஞ்சுக்கூடு தசைகளின் பிடிப்பில் தொங்குகிறது. அந்தத் தசைகள் வலுத்தால்தான் முன்பாகம் உயரும். வாயைப் பிடித்து இழுத்து அதை உயர்த்தவே முடியாது. நீங்கள் தாங்கிப் பிடிக்கும்வரை அது உங்கள் கைமேல் சாய்ந்தே ஓடும்.

ட்ராட்டில் அது சாய ஆரம்பிப்பதற்கு முன்பே வாக்குக்கு (சாதாரண நடைக்கு) வந்துவிடுங்கள். நான்கைந்து அடி நடந்து, மறுபடி ட்ராட். வாக்குக்கு வரும்போது மூச்சை மெதுவாக வெளியே விட்டு, இடுப்பின் அசைவைக் குறைத்து, கடைசியாக விரல்களை ஒரு கணம் மூடித் திறங்கள். திறப்பதை மறக்கவே கூடாது. அழுத்தம் விலகும் அந்த நொடியில்தான் குதிரை பாடம் கற்கிறது. இப்படி மாறி மாறிச் செய்யச் செய்ய, பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வந்து சுமையை வாங்கப் பழகும். இது சில வாரங்களில் முடிகிற வேலை இல்லை.

திடீரென்று சாயத் தொடங்கியிருந்தாலோ, அடிக்கடி இடறினாலோ, பயிற்சிக்கு முன் பல், குளம்பு, முதுகு மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்னையிலிருந்து: ட்ராட்டில் என் கை மேலும் கீழுமாகக் குதிக்கிறது அக்கா. குதிகாலை அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்தினால் கால் முன்னால் ஓடிவிடுகிறது.

பதில்: அழுத்தாதீர்கள்மா. குதிகாலை வலிய இறக்கினால் கணுக்கால் பூட்டிக்கொள்ளும், அதோடு முழங்காலும் இடுப்பும் பூட்டிக்கொள்ளும். அந்த அதிர்ச்சி எங்கேயாவது வெளியேற வேண்டுமே, கைவழியாக வெளியேறுகிறது. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டியது லஞ்ச் (lunge) பாடம். இன்ஸ்ட்ரக்டர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்துவார், நீங்கள் அங்கவடியும் (பாதம் வைக்கும் வளையம்) லகானும் இல்லாமல் உட்கார்ந்து பழகுவீர்கள். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேருகிறவர்களும் இப்படித்தான் மாதக்கணக்கில் லஞ்சில் தொடங்குகிறார்கள். தேர் பார்க்க அப்பாவின் தோளில் உட்கார்ந்த குழந்தை ஒருபக்கம் சாய்ந்தால், அப்பாவும் அந்தப் பக்கம் ஓரடி வைத்துத்தான் நிற்க வேண்டியிருக்கும். குதிரை ஒவ்வொரு அடியிலும் நமக்காக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நாம் நேராக உட்கார்ந்தாலே அதன் வேலை பாதி குறைந்துவிடும்.

மதுரையிலிருந்து: இடதுபக்க வட்டம் அழகாக வருகிறது. வலதுபக்கம் போனால் உள்ளே சரிந்து வட்டம் சுருங்கிவிடுகிறது. பிடிவாதமா?

பதில்: பிடிவாதம் இல்லை. நமக்கு வலக்கை இடக்கை போல ஏறக்குறைய எல்லாக் குதிரைகளும் ஒருபக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் விறைக்கும். உங்கள் குதிரை வலது தோளில் எடையைப் போட்டு விழுகிறது. வலது லகானை இழுத்தால் கழுத்து மட்டும் மடங்கும், தோள் இன்னும் சரியும். வட்டத்தை 20 மீட்டர் விட்டத்துக்குப் பெரிதாக்கி, வலது காலால் வயிற்று வாருக்கு அருகே லேசாகத் தொட்டு வெளியே நகர்த்துங்கள். நகர்ந்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

நன்றாகப் பழகிய பிறகு ஷோல்டர்-இன் சேர்க்கலாம். சுவரோரமாகப் போகும்போது முன்னங்கால்களைச் சற்று உள்ளே கொண்டுவந்து, பின்னங்கால்களைச் சுவரோரப் பாதையிலேயே விடுவது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் முறைப்படுத்திக் கொடுத்த பயிற்சி. உள்பக்கப் பின்னங்கால் உடலுக்கு அடியில் வந்து எடையைத் தாங்கும். ஒருபக்கம் சாயும் குதிரையை நேராக்குவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மருந்து இல்லை.

சேலத்திலிருந்து: டிரா ரெயின் (வயிற்று வாரிலிருந்து கடிவாள வளையம் வழியாகக் கைக்கு வரும் கூடுதல் லகான்) போட்டால் தலை சீக்கிரம் படியுமாமே?

பதில்: தலை படியும். முதுகு எழாது, எடையும் முன்னாலேயே நிற்கும். வேண்டாம். மூக்குப்பட்டையையும் இறுக்காதீர்கள். மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: கல்யாண ஊர்வலங்களுக்கு ஓட்டிய ஒரு மார்வாரி இனக் குதிரையை வாங்கினேன் மேடம். முள் கடிவாளம் போட்டிருந்தார்கள். இப்போது லகானைத் தொட்டாலே தலையை வானத்துக்குத் தூக்கி முதுகைப் பள்ளமாக்கிக்கொள்கிறது.

பதில்: வலிக்குப் பயந்து தூக்குகிறது, பாவம். முள் கடிவாளம் 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளிலேயே தடைசெய்யப்பட்டது. இன்னும் பூட்டுகிறார்கள் என்று கேட்கும்போது மனசு கொதிக்கிறது. மருத்துவர் வாயைத் திறந்து நாக்கு, ஈறு, உதட்டோரம் எல்லாம் பார்க்கட்டும். புண் ஆறும்வரை வாயில் எதுவும் வேண்டாம்.

அதுவரை தரையில் வேலை செய்யுங்கள். மெத்தென்ற மூக்குக்கயிறு போட்டுப் பக்கத்தில் நடங்கள். நில்லுங்கள், ஓரடி பின்னால் போங்கள், மறுபடி நடங்கள். கயிற்றை இறக்கும்போது தலை ஒரு அங்குலம் தாழ்ந்தாலும் உடனே கையைத் தளர்த்தி, கழுத்தைச் சொறிந்துவிடுங்கள். தானாகவே கழுத்தை நீட்டி நடக்கத் தொடங்கினால் முதுகு மெல்ல மேலே வரும். பிறகு சேணம், பிறகு ஆள், எல்லாம் நீண்ட லகானில் வாக் மட்டும். வாய்க்குக் கடிவாளம் கடைசியில். அவசரப்பட்டால் பழைய பயம் ஒரே நாளில் திரும்பிவிடும்.

திருச்சியிலிருந்து: மூன்று வயதுக் குட்டி, நல்ல உயரம். ஏறலாமா?

பதில்: உயரத்தைப் பார்த்து ஏறாதீர்கள். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள்தான் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) கடைசியாக மூடுகின்றன, ஐந்தரை வயதுக்கு மேலும் ஆகலாம். இப்போது கூட நடப்பது, மேடு பள்ளம் காட்டுவது போதும். நான்கு வயதுக்குப் பிறகு லேசான ஆள், குறைந்த நேரம்.

புதுச்சேரியிலிருந்து: தரையில் கம்பு போட்டுப் பழக்க இடைவெளி எவ்வளவு? எவ்வளவு நேரம்?

பதில்: வாக்குக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர், ட்ராட்டுக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர். சிறிய குதிரைக்குக் கொஞ்சம் குறையுங்கள். முதல் நாள் ஒரே ஒரு கம்பு, பிறகு மூன்று. கம்புகளுக்கு மேல் போகும்போது லகானைத் தளர்த்துங்கள், அது குனிந்து பார்த்துக் கால் வைக்கட்டும். பத்து நிமிடம் போதும். தசை களைத்தால் மறுபடி முன்னால் சாயத் தொடங்கும், அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் முடித்தால் நல்லது.