ஹைபிரிட் காருக்காக மகளின் எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறோம். சிறுசேரியில் வேலை, தினமும் காரில்தான் போய்வருகிறேன். மாதம் சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பழைய காரைக் கொடுத்துவிட்டு எஸ்.யூ.வி. வாங்கப்போகிறோம். ஒரே மாடலில் மேனுவல் பெட்ரோல் ஆன்ரோடு (வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 17.2 லட்சம், பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் காரை ஓட்டும் ஸ்ட்ராங் ஹைபிரிட் 20.6 லட்சம். ஹைபிரிட் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் தரும் என்கிறார்கள். கூடுதல் 3.4 லட்சத்தை, மகளின் கல்லூரிக்காகப் போட்டிருக்கும் 8 லட்சம் எஃப்.டி.யிலிருந்து எடுத்துவிட்டு, பெட்ரோலில் மிச்சமாவதை வைத்துத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மகள் இப்போது ப்ளஸ் ஒன். எனக்கு இடது முழங்கால் வலி வேறு, க்ளட்ச் மிதிக்கவே சிரமம். லிட்டருக்கு 100 கிலோமீட்டர் ஓடும் ஜெர்மன் ஹைபிரிட் ஒன்றை வீடியோவில் பார்த்தேன். அது இங்கே வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: முதலில் எஃப்.டி. அதைத் தொடாதீர்கள். காரணத்தை உங்கள் ஓட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

28 என்பது சோதனைக்கூடத்தில், ரோலர் மேல் காரை ஓட்டி எடுத்த எண். மாருதியின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டாவின் ஹைரைடர் ஹைபிரிட் இரண்டுக்கும் 27.97 என்றுதான் போட்டிருப்பார்கள். மேடவாக்கம், சோழிங்கநல்லூர், ஓ.எம்.ஆர். நெரிசலில் ஏ.சி. போட்டு ஓட்டும்போது நான் 20 என்றுதான் கணக்கில் எடுப்பேன். அதற்கு மேல் வந்தால் சந்தோஷம். அதே பாதையில் மேனுவல் பெட்ரோல் 12 தரும் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 12,000 கிலோமீட்டருக்கு ஒன்று 1,000 லிட்டர் குடிக்கும், மற்றது 600 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் வருடத்துக்கு 40,400 மிச்சம், மாதத்துக்கு ஏறக்குறைய 3,370 ரூபாய்.

மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட ஒன்றரை வருடம்தான் இருக்கிறது. அதற்குள் பெட்ரோலில் திரும்பி வரக்கூடியது சுமார் 60,000 ரூபாய். மீதி 2.8 லட்சம் காருக்குள் முடங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் கல்விக் கடனுக்கு அலைய வேண்டியிருக்கும். கடன் வட்டியைவிட எஃப்.டி. வட்டி குறைவு, அதனால் உடைப்பதே புத்திசாலித்தனம் என்று யாராவது சொல்லலாம். தேதி குறித்து வைத்த பணத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சரி, வித்தியாசத்தைக் கடனில் சேர்த்தால்? 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் 3.4 லட்சத்துக்கு மட்டும் இ.எம்.ஐ. 5,470 ரூபாய். மிச்சமாவது 3,370. மாதாமாதம் 2,100 ரூபாய் கையைக் கடிக்கும். ஈடுகட்ட மாதம் 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். உங்கள் ஓட்டம் அவ்வளவு இல்லை. இனிமேல் குறையவும் கூடும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ஐந்தாவது வழித்தடம் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு வருகிறது, மூன்றாவது வழித்தடம் அங்கிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போகிறது. கிட்டத்தட்ட உங்கள் ஆபீஸ் பாதையேதான். கடன் முடிவதற்குள் ரயில் ஓட ஆரம்பித்தால், ஷெட்டில் நிற்கும் ஹைபிரிட் எதையும் மிச்சம் பிடிக்காது.

இதோடு முடித்துவிட்டு "மேனுவல் வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பேன். உங்கள் முழங்கால்தான் என்னை நிறுத்துகிறது. க்ளட்ச் மிதிக்க முடியாதவர் மேனுவலை வாங்கப்போவதில்லை. இந்த ஹைபிரிட்டில் க்ளட்ச்சே கிடையாது. அப்படியிருக்க, ஹைபிரிட்டை மேனுவலோடு ஏன் ஒப்பிட வேண்டும்? ஷோரூமில் மூன்றாவதாக ஒரு கொட்டேஷன் வாங்குங்கள்: அதே வசதிகளோடு பெட்ரோல் ஆட்டோமேட்டிக். நெரிசலில் அது 11 தரும் என்று வைத்தால், ஹைபிரிட்டின் மிச்சம் மாதம் 4,100 ரூபாயைத் தாண்டும். ஆட்டோமேட்டிக்குக்கும் ஹைபிரிட்டுக்கும் ஆன்ரோடு வித்தியாசம் 2 லட்சம் என்றால் அதற்கான இ.எம்.ஐ. 3,220தான். முதல் மாதத்திலிருந்தே லாபம். 2.5 லட்சம் வரை வித்தியாசம் இருந்தாலும் ஹைபிரிட்டை எடுங்கள் என்பேன். அதற்கு மேல் போனால் வேண்டாம்.

ஒப்பிடும்போது ஆன்ரோடு விலையைத்தான் பார்க்க வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் (ஆன்ரோடு அல்ல, வரிக்கு முந்தைய ஷோரூம் விலையில்) 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். ஹைபிரிட்டின் கூடுதல் விலையின் மீதும் இந்த வரி விழுகிறது. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு டாப் வேரியன்ட்டுக்குப் போய் 20 லட்சக் கோட்டைத் தாண்டினால் வரியே எகிறிவிடும். உத்தரப் பிரதேசம் 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. அங்கே இருப்பவர்கள் போட்ட கணக்கை வீடியோவில் பார்த்துவிட்டு இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, "ஹைபிரிட்" என்று ஒட்டியிருக்கும் எல்லாமே நீங்கள் நினைக்கும் ஹைபிரிட் இல்லை. ஒரே மாடலில் மைல்டு ஹைபிரிட்டும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டும் இருக்கும். மைல்டில் மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாகக் காரை நகர்த்தாது. டெஸ்ட் டிரைவை மாலை ஆறரை மணிக்கு, சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கம் கேளுங்கள். காலியான சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பயனில்லை. ஸ்ட்ராங் ஹைபிரிட் என்றால் சிக்னலில் என்ஜின் அணைந்திருக்கும், ஏ.சி. மட்டும் பேட்டரியில் குளிர்ந்துகொண்டே இருக்கும். பச்சை விழுந்ததும் என்ஜின் சத்தமே இல்லாமல் கார் நகரும், டேஷ்போர்டில் ஈ.வி. என்று விளக்கு எரியும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புவதால்தான் நெரிசலில் இதற்கு இவ்வளவு மவுசு. பிரேக்கே பிடிக்காமல் திருச்சி நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போது இந்தச் சாதகம் சுருங்கிவிடும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் இவ்வளவு உற்சாகமாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்பக்க டிக்கியையும் திறந்து பாருங்கள். ஹைரைடர் மாதிரியான கார்களில் ஹைபிரிட் பேட்டரி பின்னால் உட்கார்ந்து இடத்தைத் தின்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாலும் தப்பில்லை.

அந்த ஜெர்மன் கார் ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்.எல்.1. இரண்டே சீட், 795 கிலோ எடை, 800 சி.சி. டீசல் என்ஜின், 10 லிட்டர் டேங்க். மொத்தமே 250 கார்கள்தான் செய்தார்கள், விலை ஒரு லட்சம் யூரோவுக்கும் மேல். 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர் என்ற எண்ணுக்குள் வீட்டில் சார்ஜ் போட்ட மின்சாரமும் ஒளிந்திருக்கிறது. காத்திருக்காதீர்கள். அப்படியே வந்தாலும் மைலேஜ் ஏற ஏற மிச்சம் இறங்கிக்கொண்டே போகும். உங்கள் வருட ஓட்டத்துக்கு 10-லிருந்து 15-க்கு மாறினால் 400 லிட்டர் மிச்சம். ஏற்கெனவே 28 தரும் காரிலிருந்து 100 தரும் காருக்குத் தாவினாலும் 310 லிட்டர்கூட மிச்சமாகாது. அதனால்தான் யார் மைலேஜ் சொன்னாலும் மாதம் எத்தனை லிட்டர் என்று மாற்றிக் கேட்கச் சொல்கிறேன்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். உங்கள் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி, டிசம்பர் மழையில் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நின்ற காரில் வெள்ளம் புகுந்தால் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி கைகொடுக்கும். தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் என்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாமல் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் அந்த ஆட்-ஆனுக்குள் வருமா என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.