மைதானத்து அறிவியல்: வாசகர் கேள்வி–பதில்

ஒன்பதாம் வகுப்பில் ஆற்றல் பாடத்துக்காக டென்னிஸ் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டு, எழும்பும் உயரத்தை செல்போனில் வீடியோ எடுத்தோம். ஒரே பந்துக்கு ஒரு குழு 98 செ.மீ. என்கிறது, இன்னொரு குழு 112 என்கிறது. ஸ்லோமோஷன் இல்லாததுதான் காரணமா?
– ஆசிரியை, ஆத்தூர்

போன் மேல் பழி போடாதீர்கள். நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண போனே இதற்குப் போதும். உச்சிக்குப் போன பந்து கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. சரியான கணத்தைப் படம் தவறவிட்டாலும், அதனால் வரும் பிழை அதிகம் போனால் ஒன்றரை மில்லிமீட்டர். தரையைத் தொடும்போதுதான் கதை வேறு. நொடிக்கு 6.3 மீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 21 செ.மீ. நகர்ந்திருக்கும். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே வேகம், முடுக்கம் பாதி புரிந்துவிடும்.

உங்கள் 14 செ.மீ. வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. பந்தை விடும்போது மேல்விளிம்பு, எழும்பும்போது கீழ்விளிம்பு என்று அளந்தால் விடும் உயரம் ஆறரை செ.மீ. குறைந்து, எழும்புவதில் மூன்றரை செ.மீ. அங்கேயே போச்சு, இரண்டுக்கும் கீழ்விளிம்பையே எடுங்கள். அடுத்தது போன் இருக்கும் உயரம். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்கு 30 செ.மீ. முன்னால் பந்து விழுகிறது, 3 மீட்டர் தள்ளி நிற்பவர் போனை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடிக்கிறார் என்றால், 110 செ.மீ. எழும்பிய பந்து 106-ஆகத் தெரியும். போனை ஸ்டூல் மேல் வைத்து, பந்து எழும்பும் மட்டத்துக்கே கொண்டுவாருங்கள். மூன்றாவது, பிள்ளைகளின் கை. தெரியாமல் ஒரு தள்ளு தள்ளுவார்கள். உள்ளங்கை மேலே பார்க்கப் பந்தை வைத்து, கையைச் சட்டென்று கீழே இழுக்கச் சொன்னால் தள்ளு நின்றுவிடும். வெயிலில் கிடந்த பந்து கூடுதலாக எழும்பும் என்பதால் எல்லாப் பந்தையும் நிழலில் வையுங்கள்.

பத்து முறை விட்டுச் சராசரி எடுங்கள். போட்டிப் பந்துக்கான சோதனையில் 254 செ.மீ.யிலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும், அதாவது 53 முதல் 58 சதவீதம். மிச்ச ஆற்றல் எங்கே என்று கேட்டால் “சத்தமாப் போச்சு” என்பார்கள். சத்தத்துக்குப் போவது துளிதான்; பெரும்பகுதி ரப்பர் நசுங்கி விரியும்போது வெப்பமாகிறது.

சேலத்தில் அளவாகக் காற்றடித்த கால்பந்து, ஏற்காட்டில் இறங்கியதும் கல் மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவு எல்லாம் குலுங்கியதால் என்கிறார்கள்.
– உடற்கல்வி ஆசிரியர், சூரமங்கலம்

இருபது வளைவுக்கும் இதில் பங்கில்லை. காற்றழுத்தம் அளக்கும் கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்று ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) குறைகிறது. 11 அடித்த பந்து 13 காட்டும். அரை மணி நேரம் நிழலில் வைத்தால் குளிர்ந்து ஒரு பி.எஸ்.ஐ. போல இறங்கும். அதனால் வண்டியிலிருந்து இறங்கியவுடன் ஒரு தடவை, விளையாடும் முன் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவு கையிலேயே கிடைக்கும். அவசரப்பட்டு முதல் அளவிலேயே காற்றை விட்டுவிட்டால், திரும்பி வந்ததும் பந்து தொளதொளவென்று இருக்கும். ஊசியை ஈரமாக்காமல் வால்வில் குத்தாதீர்கள், உள்ரப்பர் கிழிந்துவிடும்.

விழும் ஸ்கேலைப் பிடிக்கும் சோதனையில் மகன் 15 செ.மீ.யில் பிடிக்கிறான், அவன் நண்பன் 20-இல். 100 மீட்டரில் மகன்தான் முந்துவானா? ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்கித் தரலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

15 செ.மீ. என்றால் எதிர்வினை நேரம் 0.175 நொடி, 20 என்றால் 0.202. வித்தியாசம் நொடியில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. தவிர, ஓட்டம் தொடங்குவது துப்பாக்கிச் சத்தத்தில். ஸ்கேல் சோதிப்பது கண்ணை. ஸ்பைக்ஸ் வாங்கும் முன் 30 மீட்டர் ஓடவிட்டு நேரம் பாருங்கள்.