பால் பணம் மொத்தமும் கடனுக்கே போகுது, இன்னொரு மாடு வாங்கிச் சமாளிக்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீங்க. நாலு மாடு, பேங்க் தவணை, வாரக் குழுக்கடன், தீவனக்கடை பாக்கி எல்லாம் விவரமா எழுதிட்டு, பால்காரர்கிட்ட வாங்கின முன்பணத்தை மட்டும் "வட்டியில்லாதது, பரவாயில்லை"ன்னு ஒதுக்கியிருக்கீங்க பாருங்க. அதைப் படிச்சதும்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன்.

எங்களுக்கு நெல்லிக்குப்பம் பக்கம். 2024 டிசம்பர்ல, ஃபெஞ்சல் புயல் மழையில் பெண்ணையாறு பெருகினப்போ கொட்டகைக்குள்ள தண்ணி ஏறி வைக்கோல் போர் அழுகிப்போச்சு. அப்பா ஒரு பால் வண்டிக்காரர்கிட்ட நாற்பதாயிரம் வாங்கினார். வட்டி கிடையாது, பாலை அவருக்கே ஊத்தணும், கூட்டுறவு பால் சொசைட்டியைவிட லிட்டருக்கு மூணு ரூபா கம்மி. அவ்வளவுதான் பேச்சு. தினம் முப்பது லிட்டர் ஊத்தினோம். நாளைக்கு 90 ரூபா, மாசம் 2,700, வருஷத்துக்கு 32,000க்கு மேல. அசல் அப்படியே நிக்கும். அவரோட குட்டி நோட்டுல பக்கம் திருப்பும்போதெல்லாம் முதல் வரியில "மு.ப. 40,000"ன்னு மறுபடி எழுதிக்குவார். அதுல ஒரு பைசா குறைஞ்சு நான் பார்த்ததில்லை.

அம்மா வளையலை வச்சு நகைக்கடன் எடுத்து அவர் கணக்கை முடிச்சேன். அதே நாற்பதாயிரத்துக்கு அங்க வருஷ வட்டி நாலாயிரம் சொச்சம். "ஆபத்துக்கு உதவின மனுஷனை இப்படியா"ன்னு அப்பா என்கிட்ட முகம் கொடுத்தே பேசலை. அடுத்த சொசைட்டி பில் வந்த பிறகுதான் பேச்சு வந்துச்சு.

சொசைட்டிக்கு வக்காலத்து வாங்குறேன்னு யாரும் கமெண்ட்டில் கிளம்ப வேண்டாம். அங்கயும் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக பால்ல இருக்கிற மத்த சத்து) குறைஞ்சா காசு குறையும், பில் தள்ளிப்போற மாசமும் உண்டு. அந்தக் கழிவெல்லாம் போகத்தான் எங்களுக்கு மூணு ரூபா வித்தியாசம். உங்க ஊர்ல வேற மாதிரி இருக்கலாம், போட்டுப் பாருங்க.

தீவனக்கடை பாக்கிக்கு பேங்க்ல கிசான் கிரெடிட் கார்டு, அதாவது விவசாயிக் கடன் அட்டை கேளுங்க. 2018-19 பட்ஜெட்டிலேயே மாடு வளர்க்கிறவங்களுக்கும் அதை நீட்டிச்சாச்சு. வட்டி 7 சதவீதம், கெடு தவறாம கட்டினா 4. மாடு வாங்கின கடன் மாதிரி மாசத் தவணை இல்லை. எடுத்து, கட்டி, திரும்ப எடுக்கலாம். "நிலம் இருக்கா?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பப் பார்ப்பாங்க, எழுந்து வந்துடாதீங்க.

அஞ்சாவது மாடு விஷயம். ஈன்ற மாடு பத்து மாசம் கறக்கும், அடுத்த ஈத்துக்கு முன்னாடி ரெண்டு மாசம் வத்த விடணும். சினை நிக்காட்டி ஒவ்வொரு தடவையும் இன்னும் 21 நாள் காத்திருக்கணும். தவணைக்கு இதெல்லாம் தெரியாது. உங்க நாலுல ரெண்டு ஒண்ணா வத்தினதுதான் இந்த நெருக்கடின்னு படுது. புது மாட்டுக்குப் போடுற பணத்துல, இருக்கிறதுக்கு நேரத்துக்குச் சினை ஊசி போட்டு ஈத்தை முன்ன பின்ன வரமாதிரி பார்த்துக்குங்க.

இவ்வளவு கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துறோம், ஆனா என் தம்பிக்குப் பொண்ணு பார்க்கப் போனா "சாணி வாசனை வருமே"ங்கிறாங்க. அதே வீட்டுல எங்க பால்ல போட்ட காபியைத்தான் நீட்டினாங்க. சொல்லித் தொலைக்கவும் முடியலை.

முன்பணம் எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு பிடிக்கிறார், இது ரெண்டையும் கீழ போடுங்க. முதல்ல அதை அடைக்கிறதா, வாரக்கடனை அடைக்கிறதான்னு பார்த்துச் சொல்றேன்.