பாமாயிலின் தரத்தை மரத்திலேயே மாற்ற முடியுமா?

கேள்வி: பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பது நெடுநாளைய குறை. மரபியல் துணையுடன் எண்ணெய்ப்பனையையே மேம்படுத்தி இதைச் சரிசெய்ய இயலுமா? அப்படிச் செய்தால் அது மரபணு மாற்றுப் பயிர் ஆகிவிடாதா?

பதில்: இயலும், அதற்கு மரபணு மாற்றம் கட்டாயமும் இல்லை. இன்று பெருமளவில் பயிராகும் ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையின் பழச்சதையில் கிடைக்கும் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பமிலமான பால்மிட்டிக் அமிலம் ஏறத்தாழ 44 விழுக்காடும், நிறைவுறாக் கொழுப்பமிலமான ஒலீக் அமிலம் 40 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கின்றன. 16 கரி அணுக்கள் கொண்ட பால்மிட்டிக் சங்கிலியை, ஒலீக் அமிலம் உருவாவதற்குத் தேவையான 18 அணுக்களாக நீட்டும் நொதி தன் வேலையை முடிப்பதற்குள், வேறொரு நொதி அச்சங்கிலியைக் கழற்றி எண்ணெய்க்குள் அனுப்பிவிடுகிறது.

நாம் தேடும் குணம் இம்மரத்தின் உறவினமான அமெரிக்க எண்ணெய்ப்பனையில் ஏற்கெனவே இருக்கிறது. அது மெதுவாக உயரும். அதன் எண்ணெயில் ஒலீக் அமிலம் மிகுதி. ஆனால் விளைச்சல் சொற்பம். இரண்டையும் கலந்து பெற்ற கலப்பின மரங்களின் எண்ணெயில் ஒலீக் அமிலம் பாதியளவை எட்டுகிறது. குருத்தழுகல் நோயைத் தாங்குவதால் லத்தீன் அமெரிக்காவில் இவற்றை விரும்பி நடுகிறார்கள். எனினும் இவற்றின் மகரந்தத்துக்கு வீரியம் குறைவு என்பதால், ஆட்கள் மரம் மரமாகச் சென்று பெண் பூங்கொத்துகளில் மகரந்தத் தூளைத் தூவினால்தான் குலைகள் ஒழுங்காகப் பிடிக்கும். இச்செலவைக் கருதியே, கலப்பினத்தை மீண்டும் ஆப்பிரிக்க இனத்துடன் கலந்து, விளைச்சலை மீட்டுக்கொண்டு எண்ணெயின் தரத்தையும் இழக்காமலிருக்க வல்லுநர்கள் முயல்கிறார்கள்.

மரபணுக் குறிப்பான்கள், அதாவது ஒரு குணம் மரத்தில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் டி.என்.ஏ. அடையாளங்கள், இங்கேதான் கைகொடுக்கின்றன. நட்ட மரம் காய்க்க மூன்று ஆண்டுகள் ஆகும். அதன் குணங்களை வயலில் அளந்து ஒரு தலைமுறையை முடிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். மாறாக, நாற்றங்காலிலேயே ஓர் இலைத் துண்டை ஆய்ந்து, வேண்டாத கன்றுகளைக் கழித்துவிடலாம். கொட்டையின் ஓட்டைப் பொறுத்தவரை இது எளிது. தடித்த ஓடுள்ள மரத்தையும் ஓடில்லாத மரத்தையும் கலந்தால் சதை மிகுந்த மெல்லோட்டு மரம் கிடைக்கும் என்பது 1941-இல் பெல்ஜியக் காங்கோவில் தெளிவாயிற்று. அதற்குக் காரணமான ஒற்றை மரபணு 2013-இல் அடையாளம் காணப்பட்டது. கொழுப்பமிலங்களின் விகிதமோ பல மரபணுக்களின் கூட்டு விளைவு. ஆகவே ஒரு குறிப்பானை நம்பிக் கன்றைத் தேர்ந்தெடுப்பது பேராசை. பலவற்றைச் சேர்த்துக் கணித்தே முடிவெடுக்க வேண்டும். பழச்சதை தாய்மரத்தின் திசு என்பதால், எந்த மரத்தின் மகரந்தம் விழுந்தாலும் அச்சதை எண்ணெயின் இயல்பு தாய்மரத்தின் மரபையே சார்ந்திருக்கும் என்பது தேர்வாளருக்கு ஒரு வசதி.

எல்லா மரங்களையும் ஒலீக் மிகுந்தவையாக்குவது நன்றென்று எனக்குத் தோன்றவில்லை. அறைவெப்பத்தில் பாதி இறுகி நிற்கும் இயல்புக்காகவே ரொட்டி, பிஸ்கட் தொழில்கள் பாமாயிலை வாங்குகின்றன. அவ்வியல்பைத் தருவது பால்மிட்டிக் அமிலமே.

கேள்வி: அறுவடைக்குப் பின் எண்ணெயில் அமிலம் கூடிவிடுவதாகச் சொல்கிறார்களே, அதையும் மரபியலால் தடுக்க முடியுமா?

பதில்: பெருமளவு குறைக்கலாம். பழம் நசுங்கியவுடன் சதையிலுள்ள லைப்பேஸ் நொதி எண்ணெயைச் சிதைத்து, கொழுப்பமிலங்களை விடுவிக்கத் தொடங்குகிறது. வணிகத்தில் கச்சா பாமாயிலில் இவ்வாறு விடுபட்ட கொழுப்பமிலங்களுக்கு வழக்கமாக ஏற்கப்படும் உச்ச அளவு 5 விழுக்காடு. குலைகளை விரைந்து ஆலைக்குக் கொண்டு சென்று நீராவியில் வேகவைப்பது இந்நொதியைச் செயலிழக்கச் செய்வதற்காகவும்தான். இந்நொதி இயல்பாகவே மிகக் குறைவாக உள்ள மரங்கள் இருக்கின்றன; அதற்குப் பொறுப்பான மரபணுவும் 2013-இல் கண்டறியப்பட்டது. பல மரபணுக்களைத் துரத்த வேண்டிய ஒலீக் அமிலத்தைவிட, இக்குணத்தை உயர் விளைச்சல் மரங்களுக்குள் கொண்டு வருவது எளிது. அறுத்த குலைகளை உடனே ஆலைக்கு அனுப்ப வழியில்லாத சிறு விவசாயிகளுக்கே இதனால் பயன் அதிகம்.