யானையை வாங்கியாச்சு, அங்குசத்துக்குப் பேரமா? இந்த வார டயர் கேள்வி-பதில்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ இசட்4 வாங்கினேன், இரண்டு சீட் வண்டி. பின் டயர் இரண்டும் மொட்டை. கடையில் சொன்ன விலையில் தலை சுற்றிவிட்டது. வாரம் முழுக்க ஆபீஸ், என்றைக்காவது ஊட்டி. விலையும் குறைய வேண்டும், நிறைய நாள் உழைக்கவும் வேண்டும். எதைப் போடலாம்? (கோவை வாசகர்)

பதில்: யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறீர்கள். கார் பார்க்கப் போன அன்றைக்கே டயர் விலையை விசாரித்திருந்தால் அந்தத் தொகையை விற்றவர் தலையிலேயே கழித்திருக்கலாம். சரி, விடுங்கள்.

18 அங்குல வீல் என்றால் பெரும்பாலும் முன்னால் 225/40, பின்னால் 255/35 இருக்கும். அளவு வேறு வேறு, அதனால் மற்ற கார்க்காரர்கள் மாதிரி முன்னதைப் பின்னுக்கு மாற்றிப்போட்டுத் தேய்மானத்தைப் பங்கு போட முடியாது. வண்டியைத் தள்ளுவதும் பின் சக்கரம்தான், ஆகவே அதுதான் முதலில் போகும்.

பல டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். எண் கூடினால் ரப்பர் மெதுவாகத் தேயும் என்று பொருள். ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்கள் போடும் டயரில் அந்த எண் 200-க்குப் பக்கத்தில் இருக்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 என்ற ஸ்போர்ட் வகை டயருக்கு 320. ஆனால் அந்த எண்ணைக் கொடுப்பது டயர் கம்பெனியேதான், அரசாங்கம் அல்ல. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலை ஒப்பிட அது உதவும், இந்தக் கம்பெனி 400, அந்தக் கம்பெனி 360 என்று சண்டை போட உதவாது. உங்கள் ஓட்டத்துக்கு ஸ்போர்ட் வகை தேவையே இல்லை, அதே அளவில் டூரிங் வகை (சாதாரணமாக, நெடுந்தூரம் ஓட்டுவதற்கானது) கிடைக்கிறதா என்று கேளுங்கள். இப்போது இருப்பது ரன்ஃபிளாட் டயராக இருந்தால் (காற்று போனாலும் 80 கிமீ வேகத்தில் சுமார் 80 கிமீ போகலாம் என்பார்களே, அது) நான்கையும் சாதாரண டயராக மாற்றினால் போகப் போகச் செலவு குறையும், ஆட்டமும் குறையும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், அந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் விலை. கணக்குக்காகச் சொல்கிறேன், 11,000 ரூபாய் டயர் 20,000 கிமீ ஓடினால் கிலோமீட்டருக்கு 55 காசு. 18,000 ரூபாய் டயர் 40,000 ஓடினால் 45 காசு. எது மலிவு? ஆனால் இந்தக் கணக்கையே பிடித்துத் தொங்கவும் கூடாது. நான் ஒருமுறை "தேயவே தேயாது சார்" என்று சொன்ன கல் மாதிரி டயரை வாங்கினேன். உண்மைதான், தேயவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் மழையில் ஒரு மாட்டுக்காக பிரேக் அடித்தேன், மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர, வண்டி மாட்டையும் தாண்டிப் போய்த்தான் நின்றது. மாடு நகரவே இல்லை, திரும்பி என்னைப் பார்த்தது. ஊட்டி மலைப்பாதையில் மழை பெய்யும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் டயர் கூடுதலாக உழைக்குமாமே? (மதுரை)

பதில்: நீங்கள் இப்போது சுவாசிப்பதில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாக அடித்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் நான்கு டயர் வாங்கினேன், 195/55 ஆர்15, அதாவது 15 அங்குல வீலுக்கானது. என் போலோ காருக்கு ஆர்16 வேண்டுமாம். திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: அவர்கள் அனுப்பியது நீங்கள் கேட்டதைத்தானே? அளவு பழைய டயரில் விரல் மொத்தத்துக்கு எழுதியிருக்கும், குனிந்தால் தெரியும். ஆர்15 வண்டிக்காரர் யாராவது கிடைக்கிறாரா பாருங்கள்.

கேள்வி: புது டயர் போட்டு 12,000 கிமீதான் ஆகிறது. வெளிப்பக்கம் பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறது, உள்பக்கம் கம்பியே தெரிகிறது. டயரில் கோளாறா? (திருச்சி)

பதில்: டயரில் இல்லை, அலைன்மென்டில், அதாவது சக்கரம் நிற்கும் கோணத்தில். இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள், நீங்களாவது உட்காருங்கள். சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் சாய்ந்தோ திரும்பியோ இருந்தால் ரப்பர் சாலையில் அரைபட்டுக்கொண்டே போகும், அதுவும் நம் கண்ணுக்குப் படாத உள் ஓரத்தில். தாழ்வான வண்டிகளில் சக்கரம் இயல்பாகவே கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும், அங்கே இன்னும் மோசம். ஒரே ஒரு பெரிய குழி போதும். இதற்குத்தான் கடைக்குப் போகிறோம், அங்கே என்ன நடக்கிறது? பையன் நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டுகிறான், திரையில் சிவப்பு, பச்சை ஏதோ ஓடுகிறது, பத்து நிமிடத்தில் "ஆச்சு சார்". என்ன ஆச்சு? அந்த மெஷினில் செய்வதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பிரிண்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. கேட்டால் "பேப்பர் தீர்ந்துபோச்சு". நானும் ஆறு வருடமாகப் பார்க்கிறேன், அந்தக் கடையில் பில் அடிக்க மட்டும் பேப்பர் தீர்ந்ததே இல்லை. பிரிண்ட் கொடுக்காதவருக்குக் காசு கொடுக்காதீர்கள். கம்பி தெரிகிற டயரை இன்றே கழற்றுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

கேள்வி: கணவர் ஊரில் இல்லை. புது டயர் என்று சொல்லி இரண்டு போட்டார்கள், பளபளவென்று இருந்தது. பில் வேண்டுமானால் ஜிஎஸ்டி சேரும் என்றதால் வாங்கவில்லை. மூன்றாவது வாரம் ஒன்று வெடித்தது. பழைய டயரில் கோடு வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்தது என்று பஞ்சர் கடைக்காரர் சொன்னார். (திருப்பூர் வாசகி)

பதில்: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நம்புகிறேன். உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம் அம்மா, திட்டு வாங்க வேண்டியவர் கடையில் உட்கார்ந்திருக்கிறார். பில் கொடுக்காததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. வெடித்த டயரைத் தூக்கிப் போடாதீர்கள், பக்கவாட்டில் உள்ள எல்லா எழுத்துகளையும் போட்டோ எடுங்கள், பஞ்சர் கடைக்காரர் சொன்னதை எழுதி வாங்குங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது.

அடுத்த முறை டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம் தயாரானது. நானே ஒரு தடவை "ஆஃபரில்" வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் மூன்று வயது டயர். அடுத்த கோடைக்குள் ஓரமெல்லாம் காய்ந்த கண்மாய் மாதிரி வெடித்துவிட்டது. வரி விஷயம், 2025 செப்டம்பர் 22 முதல் புது கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய கணக்கைச் சொல்லி மிரட்டினால் மிரளாதீர்கள்.

கேள்வி: முன் சக்கரம் இழுக்கும் வண்டி. இரண்டுதான் மாற்றக் காசு இருக்கிறது. புதியதை எங்கே போடுவது?

பதில்: பின்னால். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், நம்மால் பிடிக்க முடியாது. முன்னால்தான் போடுவேன் என்று கடைக்காரர் அடம்பிடித்தால் வேறு கடை.

கேள்வி: டயருக்குப் பளபளப்பு ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: பக்கவாட்டில் மட்டும், பட்டனில் பட்டால் வழுக்கும். அடிக்கப் பிடிக்குமென்றால் சொல்லுங்கள், என் டிக்கியில் முக்கால் பாட்டில் இருக்கிறது, மூடி சரியில்லை.